நல்லதண்ணீர்க் கிணறும் நான் எழுதிய விதிகளும்

கலியாணம் முடித்து அந்த ஒழுங்கைக்கு வந்த முதல் மாதமே கிணற்றடியில் சண்டை பிடித்தேன். திருகோணமலைப் பட்டினத்தில், டச்சுக் குடாப் பக்கம் கடலில் போய் முடிகிற மணல் ஒழுங்கை அது. பதினான்கு வீடுகள். அநேகமாக எல்லா வளவிலும் ஒரு கிணறு இருந்தது; எல்லாம் உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணீர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், வாயில் வைக்க முடியாது. ஒழுங்கையின் நடுவில், எங்கள் வேலிக்குப் பக்கத்தில், பூவரச மரத்துக்குக் கீழே இருந்த ஒன்றில் மட்டும் நல்ல தண்ணீர். அதை யார் வெட்டினார்கள் என்று எவருக்கும் தெரியாது. எந்த வீட்டுக் காணி உறுதியிலும் அது இல்லை. பதினான்கு வீடும் அதைத்தான் குடித்தன.

அந்தக் கிணற்றுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை யாரும் வாளி போடக்கூடாது. மரத்தடியில் ஒரு சூலம் நட்டிருந்தார்கள். அந்த நேரம் காவல் தெய்வமான வைரவர் கிணற்றுக்குள் நித்திரை கொள்கிறார் என்பது கதை. நானோ பேராதனையில் மெய்யியல் படித்துவிட்டு வந்து, பட்டினத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மேல் வகுப்புகளுக்கு அளவையியல் படிப்பித்துக்கொண்டிருந்தவள். எடுகூற்று, முடிவு, போலி நியாயம் என்று காலை முழுக்கக் கரும்பலகையில் எழுதிவிட்டு, வெயிலில் நடந்து வந்து, தாகத்தோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு போனால் கப்பியில் கயிறு இல்லை.

பன்னிரண்டு மணிக்கே கழற்றிய கயிறு சம்மாட்டியார் வீட்டில் இருந்தது. வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்து ஆட்களை விட்டுத் தொழில் செய்பவர் அவர். அவருடைய மனைவியை ஒழுங்கை முழுக்க அக்கா என்றுதான் கூப்பிட்டது. ஐம்பது வயதிருக்கும். குரல் கொடுத்தால் கடலில் நிற்கிற வள்ளத்துக்குக் கேட்கும். நான் போய்க் கயிற்றைக் கேட்டேன்.

"மூண்டு மணிக்கு வாங்கோ ரீச்சர்."

"எனக்கு இப்ப தண்ணி வேணும் அக்கா."

"இப்ப அவர் படுத்திருக்கிறார்."

"ஆர், அண்ணையோ?"

"வைரவர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கியிருக்கலாம், அடக்கவில்லை. அடுத்த நாள் கடையில் புதுக் கயிறு ஒன்று வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றரை மணிக்கு, எல்லோரும் பார்க்கத் தண்ணீர் அள்ளினேன். அக்கா தன் வேலிப் படலையில் நின்று பார்த்தா. அதற்குப் பிறகு மூன்று வருடம் என்னோடு கதைக்கவில்லை.

நான் திரியாயில் பிறந்தவள். எங்கள் ஊரில் குளத்துத் துருசை, அதாவது மதகை, திறக்க முன்னர் வயல்காரர் எல்லோரும் கூடிக் கதைப்பார்கள். அப்பா ஒருமுறையும் தவறமாட்டார். அது அறிவு, இது மூடநம்பிக்கை என்று அந்த நாட்களில் எனக்குள் ஒரு தெளிவான கோடு இருந்தது. கூட்டம் முடிந்ததும் அதே ஆட்கள் குளக்கட்டில் பொங்கிப் படைத்துவிட்டுத்தான் துருசைத் திறந்தார்கள் என்பதை ஏனோ நினைவில் வைத்திருக்கவில்லை.

ஒழுங்கையில் பதினான்கு வீடு என்று சொன்னேன். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் எண்ணினோம். உண்மையில் பதினைந்தாவதாக ஒன்று இருந்தது. கடைசியில், கடற்கரை மணலில், தகரமும் கிடுகும் போட்ட வீடு. புருஷனும் பெண்சாதியும் பட்டினத்துத் தெருக்களைக் கூட்டுகிற வேலை. தேயிலைத் தோட்டப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவள் காலை வேலை முடித்து, இரண்டு குடத்தோடு வந்து, மரத்துக்கு அப்பால் நிற்பாள். கயிற்றைத் தொடமாட்டாள். அள்ள வருகிற யாராவது தங்கள் வேலை முடிந்ததும் அவளுடைய குடத்துக்குள் உயரத்திலிருந்து ஊற்றவேண்டும். சில நாள் அரை மணித்தியாலம் நிற்பாள், சில நாள் ஒன்றரை.

எனக்கு அது பொறுக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவள் நின்றால், புத்தகப் பையை வேலியில் கொழுவிவிட்டு, முதல் வாளியை அவளுடைய குடத்தில்தான் ஊற்றுவேன். குடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு ஊற்றுவேன். அக்கா பார்க்கவேண்டும் என்றே செய்தேன். பல மாதம் இப்படி நடந்தது. ஒருநாள் ஊற்றி முடித்ததும் கேட்டேன்:

"ஏன் இப்படி நிக்கிறீங்கள்? நீங்களே கயிற்றைப் பிடிச்சு அள்ளுங்கோவன். ஆர் என்ன செய்யிறது?"

அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீங்க ஊத்துனாலும் அவங்க ஊத்துனாலும் எனக்கு ஒண்ணுதாங்க டீச்சர். காத்துக்கிட்டு நிக்கிறது நாந்தானே." கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நடந்து போய்விட்டாள். நான் அன்று பின்னேரம் முழுக்கக் குசினிக்கும் படலைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சோறு அடிப்பிடித்தது.

எழுபதுகளின் நடுவில் மாரி பொய்த்தது. பேக்கரி வாசலில் பாணுக்குக் கியூவில் நின்ற காலம் அது. தம்பலகாமத்தில் பாதி வயல் விதைக்கவேயில்லை என்றார்கள். வெயில் ஏற ஏற எங்கள் நல்லதண்ணீர்க் கிணறும் கீழே இறங்கியது. விடியவே குடங்கள் வரிசையாக வந்துவிடும். யார் முதல் என்று சண்டை. ஒருவர் எட்டு வாளி அள்ளினால் மற்றவர் பத்து அள்ளினார். நாளைக்கு இருக்குமோ தெரியாது என்ற பயம்தான் காரணம். தண்ணீரில் லேசாக உப்புக் கரித்தது.

அப்போது பள்ளிக்கூட விடுமுறை. எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. தூண்டில் ஈயம் கட்டிய நூலொன்றில் முடிச்சுப் போட்டு, நாளுக்கு நான்கு தடவை கிணற்றின் ஆழத்தை அளந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு மிடறு குடித்துப் பார்த்து, கொப்பியில் எழுதினேன். ஒரு கிழமையில் விஷயம் விளங்கிவிட்டது. மணலுக்குள் உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீர் மெல்லிய ஏடாகக் கிடக்கிறது. ஓயாமல் அள்ளினால் அடியிலிருந்து உப்பு ஏறுகிறது. இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டால் பக்கத்து மணலிலிருந்து நல்லது ஊறி வந்து அதை அமத்துகிறது. பகல் மூன்று மணிக்கு அள்ளுகிற முதல் வாளிதான் எப்போதும் இனித்தது.

வைரவரை நித்திரையாக விட்டிருக்கவேண்டும். இந்த எண்ணம் எனக்குச் சமாதானத்தைத் தரவில்லை, எரிச்சலைத்தான் தந்தது. ஏனென்றால் பகலில் அள்ளாதே என்று சொன்ன அதே வாய்தான் கடைசி வீட்டுக்காரி கயிறு தொடக்கூடாது என்றும் சொன்னது. இரண்டையும் ஒரே உறுதியோடு, ஒரே காரணத்தோடு சொன்னது: அப்படித்தான் இருந்து வருகிறது. ஒன்றை எடுத்து மற்றதை விட எனக்கு என்ன உரிமை? என் அறிவு பிரித்துத் தரும் என்றால், மூன்று வருடமாக அதே அறிவுதான் பகலில் அள்ளச் சொன்னது. யாரிடமாவது இதைக் கதைக்கவேண்டும் போல் இருந்தது. அன்றிரவு வீட்டில் என் மனிசனிடம் சொன்னேன். அவர் துறைமுக வேலைத்தளத்தில் மெக்கானிக். நல்ல மனிசன், ஒழுங்கையில் எவருடைய எஞ்சின் நின்றாலும் ரேடியோ நின்றாலும் போய்த் திருத்திக் கொடுப்பார். "கூட்டம் ஒண்டு வையுமன்" என்றார்.

கூட்டம் தையல்காரர் வீட்டு விறாந்தையில் நடந்தது. ராத்தா என்று நாங்கள் கூப்பிடுகிற அவருடைய மனைவிதான் எங்கள் ஒழுங்கையில் எல்லோரோடும் கதைக்கிற ஒரே ஆள். முஸ்லிம் வீடு என்றபடியால் எங்களுக்குள் இருந்த பழைய கோபங்களில் அவவுக்குப் பங்கில்லை. நான் கொப்பியோடு போயிருந்தேன். முதலில் அக்காவைப் பார்த்து, பகலில் கிணற்றை விடுகிற வழக்கம் சரி, நான் செய்தது பிழை என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அக்காவின் முகம் கொஞ்சம் இளகியது.

"அளந்து பாத்துத்தானோ நம்பினீங்கள்?" என்றா. மூன்று வருடத்துக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் வசனம்.

பிறகு விதிகளை வாசித்தேன். பகலில் மூன்று மணித்தியாலம் ஓய்வு, யாரும் வாளி போடக்கூடாது. ஆளுக்கு இத்தனை வாளி என்று கணக்கு. வீட்டு வரிசை ஒவ்வொரு கிழமையும் மாறும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். கடைசி விதியை வாசித்தேன்: பதினைந்து வீட்டாரும் தங்கள் கையால் அள்ளுவார்கள்.

"பதினைஞ்சோ?" என்றார் ஒருவர்.

அக்காதான் வாயைத் திறந்தா. "அவவுக்குத் தண்ணி குடுக்கவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. குடுத்துக்கொண்டுதானே இருக்கிறம். கயிற்றை மட்டும் தொட ஏலாது."

"ஏன் ஏலாது அக்கா? காரணம் சொல்லுங்கோ."

"எல்லாத்துக்கும் காரணம் கேட்டால் வாழ ஏலாது ரீச்சர்."

ராத்தா நடுவில் வந்தா. "தண்ணிய மறிக்கிறது எங்களுக்குப் பெரிய பாவம். ஆனா கூட்டம் குழம்பினா ஒரு விதியும் மிஞ்சாது. அந்தப் பிள்ளைக்கு வேற கயிறும் வாளியும் வெச்சா என்ன? அவ கையாலேயே அள்ளலாம்தானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மற்ற விதிகள் எல்லாம் கையில் இருக்கின்றன, இந்த ஒன்றுக்காக அவ்வளவையும் இழப்பதா? நிற்கவைப்பதை விட வேறு கயிறு முன்னேற்றம்தானே? இப்படி நியாயம் அடுக்க எனக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. ஓம் என்றேன். கடைசி விதியைத் திருத்தி எழுதி, முதல் கையெழுத்தை நானே வைத்தேன். அந்தக் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிடவேயில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த நாள் நானே போய்ச் சொன்னேன். அவள் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டாள்.

"எனக்குன்னு தனிக் கயிறா?"

"இப்போதைக்கு..."

"சரிங்க டீச்சர்."

அவள் வரவில்லை. புதுக் கயிறும் வாளியும் வேலிக் கதியாலில் தொங்கியபடியே கிடந்தன. ஆஸ்பத்திரிப் பக்கத்துக் குழாயடிக்கு நடந்து போய் அவள் தண்ணீர் எடுத்து வருவதைப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது கண்டேன். இரண்டு குடத்தோடும் என்னைக் கடந்து போவாள். சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருக்க நான் வேறு வழியால் போகத் தொடங்கினேன்.

ஆனாலும் விதிகள் வேலை செய்தன. முதல் மாதம் தண்ணீர் கீழே இறங்காமல் நின்றது, உப்புக் குறைந்தது. காலையில் சண்டை இல்லை. அந்த நாட்களில்தான் என் மனிசன் வேலைத்தளத்தில் கழித்துப் போட்ட ஒரு மோட்டரை ஏலத்தில் எடுத்துவந்து, உயிர்கொடுத்து, எங்கள் வளவுச் சவர்க் கிணற்றடியில் பூட்டினார். குசினிக் கூரைக்கு மேலே ஒரு தண்ணீர்த் தாங்கி. குளிக்கிற இடத்தில் ஒரு பைப். "இனி உமக்கு வாளி தூக்கிற வேலை இல்லை" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு மறுபடியும் தண்ணீர் கரிக்கத் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தா, முதல்முறையாக. கையில் ஒரு செம்பு.

"குடிச்சுப் பாருங்கோ."

குடித்தேன். துப்பவேண்டியிருந்தது.

"இது மூண்டு மணித் தண்ணி ரீச்சர். மூண்டு மணித் தண்ணி எனக்குத் தெரிஞ்சு ஒருநாளும் இப்படி இருந்ததில்லை. ஆரோ பகலில எடுக்கினம்."

"மழை இல்லை அக்கா, எல்லாக் கிணறும் இப்படித்தான் போகும். எங்கட குளிக்கிற தண்ணியைப் பாருங்கோ, இதைவிட மோசம்" என்று சொல்லிக்கொண்டே பைப்பைத் திறந்து செம்பை நிறைத்தேன். சொன்னதை நிரூபிக்க ஒரு மிடறு குடித்தேன்.

இனித்தது.

அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே செம்பை வாங்கி, தானும் ஒரு மிடறு குடித்தா. பிறகு மீதியை ஊற்றாமல், கவனமாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டா.

எங்கள் வேலியோரம் மணலைக் கையால் தோண்டிப் பார்த்தேன். ஒரு முழத்துக்குக் கீழே பைப் ஓடியது, நல்லதண்ணீர்க் கிணற்றை நோக்கி. பகல் ஓய்வில் ஊறிய நல்ல தண்ணீர் எங்கள் தாங்கிக்குப் போக, மூன்று மணிக்கு மற்றவர்களுக்கு உப்புத்தான் மிஞ்சியிருக்கிறது. இரண்டு கிழமையாகச் சவுக்காரம் நன்றாக நுரைத்தது, தலைமயிர் பிசுபிசுக்கவில்லை. நல்ல சவுக்காரம் போல என்று நினைத்திருந்தேன். தெரியாமல் இருந்தேனா, தெரிந்துகொள்ளாமல் இருந்தேனா?

அவர் பின்னேரம் வந்ததும் கேட்டேன். ஒளிக்கவில்லை.

"நான் ஆரையும் மறிக்கேல்லையே. பொதுக் கிணறு எண்டால் எனக்கும் பொதுதானே?"

"பகலில ஓய்வு எண்டு நாங்கள்தானே எழுதினது!"

"வாளி போடக்கூடாது எண்டு எழுதினீர். மோட்டரைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை." அரைவாசி பகிடியாகத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "இஞ்ச பாரும். கிணறு எப்பிடியும் சவராகத்தான் போகுது. நாங்கள் எடுக்காட்டி இன்னொருத்தன் எடுப்பான். எல்லாரும் விதியைக் காப்பினம் எண்டு நம்பி, கடைசியில நாங்கள் மட்டும் காய்ஞ்சு கிடக்கிறதோ?"

போலி நியாயங்கள் எல்லாவற்றுக்கும் பெயர் தெரிந்தவள் நான். அவருடைய பேச்சில் ஒன்றைத் தேடினேன். பதற்றத்தில் எதுவும் கையில் படவில்லை. எழும்பிப் போய், அவருடைய பெட்டியிலிருந்து இரும்பு அறுக்கிற வாளை எடுத்து, மணலைத் தோண்டி, பைப்பை அறுத்தேன். கை பழக்கமில்லை, நெடுநேரம் எடுத்தது. அவர் படியில் நின்று பார்த்தார். தடுக்கவுமில்லை, உதவவுமில்லை.

அடுத்த நாள் காலை சம்மாட்டியார் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி, என்ன தண்டனை என்றாலும் ஏற்கிறோம் என்றேன்.

"என்னத்தைத் தண்டிக்கிறது?" என்றா அக்கா. "உங்கட மனிசன்தான் எங்கட எஞ்சினைத் திருத்துறவர். நாளைக்கும் அவரிட்டத்தான் போகவேணும். நீங்கள் எழுதின கடதாசியில தண்டனை எண்டு ஒண்டும் இல்லையே."

இல்லைத்தான். காரணம் விளங்கினால் மனிசர் நடப்பார்கள் என்று நான் நம்பியிருந்தேன்.

விஷயம் ஒழுங்கை முழுக்கப் பரவியது, அதோடு எல்லாம் குலைந்தது. பகலிலும் கயிறு கப்பியில் கிடந்தது. கழற்றுவதை அக்கா விட்டுவிட்டா. நினைத்த நேரம் நினைத்தவர்கள் அள்ளினார்கள், பீப்பாய்களில் நிறைத்தார்கள். யாரும் எங்களை ஏசவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ரீச்சர் என்று முன்போலவே மரியாதையாகக் கூப்பிட்டார்கள்.

அப்படி ஒரு காலையில், நாலைந்து பேர் கிணற்றடியில் நிற்கும்போது, அவள் இரண்டு குடத்தோடு வந்தாள். மரத்துக்கு அப்பால் நிற்கவில்லை. வேலியில் தொங்கிய தனிக் கயிற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக வந்து கப்பிக் கயிற்றைப் பிடித்தாள். அக்கா தன் வாளியோடு பக்கத்தில் நின்றா.

"என்ன இது?"

"டீச்சர் வீட்டு மோட்டரு இழுக்கலாம்னா, என் கையி இழுக்கக்கூடாதாங்க?"

வாளி போய்த் தண்ணீரில் விழுந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா. என் பக்கம் சொல்ல என்னிடம் என்ன இருந்தது? அக்கா வெறும் வாளியோடு வீட்டுக்குப் போனா. ராத்தா மட்டும், அவள் அள்ளி முடித்ததும், அதே கயிற்றைப் பிடித்துத் தன் குடத்தை நிறைத்தா.

நாலு நாள் அக்கா கிணற்றடிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தா. அவள் அள்ளிக்கொண்டிருந்தாள். அக்கா தன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "மெல்ல இழு பிள்ளை. அடி கலங்கும்" என்றா. அவ்வளவுதான். மற்ற எல்லோருக்கும் அக்கா சொல்கிற அதே அதட்டல்.

இதை வீட்டில் சொன்னபோது என் மனிசன் சிரித்தார். "அப்ப பாரும், உம்மட கூட்டம் செய்யாததை என்ர மோட்டர் செய்திருக்கு." பகிடிதான். ஆனால் என்னால் சிரிக்க முடியவில்லை. அது பிழை என்று எனக்குத் தெரியும். எங்கே பிழை என்று காட்டத் தெரியவில்லை. ஒரு களவிலிருந்து ஒரு நீதி பிறந்தால் களவுக்கு நன்றி சொல்வதா? அவள் கயிற்றைப் பிடித்தது அவளுடைய துணிவு, அது எங்கள் எவருடைய கொடையும் அல்ல என்று நாலைந்து நாள் கழித்துச் சொன்னேன். "ஓம், அதுவும் சரிதான்" என்றுவிட்டு அவர் ஏதோ எஞ்சினைக் கழற்றப் போய்விட்டார்.

அந்த வருடக் கடைசியில் மழை பெய்தது. கிணறு பாதியாவது திரும்பியது. பழைய இனிப்பு வரவில்லை. சில காலம் கழித்துப் பட்டினத்துக் குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு வீடு வந்தபோது ஒழுங்கையில் கூடிக் கதைக்க ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று.

ஆனால் குழாய் வருமுன்னரே அவள் போய்விட்டாள். இரண்டு அரசுகளும் செய்த ஒப்பந்தப்படி, தோட்டப் பக்கத்திலிருந்து வந்தவர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் புருஷனுக்கும் கடிதம் வந்தது. ஒருநாள் பின்னேரம் படிவம் ஒன்றோடு என் வீட்டுக்கு வந்தாள். அதற்கு முன் அவள் எங்கள் படி ஏறியதில்லை. கதிரையைக் காட்டினேன், இருந்தாள்.

"நிரப்பிக் குடுங்க டீச்சர். நீங்க எழுதினா பிழை வராது."

பெயர், பிறந்த இடம், இங்கே எத்தனை வருடம். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். "போக விருப்பமோ?" என்று கேட்டேன்.

"விருப்பத்த யாரு கேட்டா?"

இந்த நாட்டில் விட்டுச்செல்லும் ஆதனங்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. வாசித்து, அர்த்தமும் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். நானும் பேனையைக் கடதாசிக்கு மேலே பிடித்தபடி யோசித்தேன். அந்தக் கிணற்றைப்போல ஒருவர் பெயரிலும் இல்லாத ஒன்றில் ஒருவருக்குள்ள பங்கை எந்தச் சொல்லால் எழுதுவது? வேலியில் பையைக் கொழுவிவிட்டு அவளுக்குத் தண்ணீர் ஊற்றிய காலத்தில் என்றால், ஏதாவது சொற்பொழிவே ஆற்றியிருப்பேன்.

"ஒண்ணுமில்லன்னு எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். மை காயும்வரை படிவத்தை விசிறிவிட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, புருஷன் காத்திருப்பான் என்று சொல்லி எழுந்து போனாள்.